மொட்டை மாடியில் ஒரு ஏஐஎஸ் ரிசீவர்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரான ராஸ்ப்பெர்ரி பையை வைத்துக் கப்பல் பார்ப்பது எப்படி என்று சொல்லும் வழிகாட்டிகள் பெரும்பாலும் முதல் நாளோடு முடிந்துவிடுகின்றன. யூஎஸ்பியில் மாட்டும் ரேடியோ டாங்கிளைச் செருகு, மென்பொருளைப் போடு, வரைபடத்தில் கப்பல் வந்துவிட்டதா, சரி, அவ்வளவுதான். வடசென்னை திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில் இந்த ரிசீவர் வருடக் கணக்கில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நிறுவுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதற்கப்புறம் நடப்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் இதில் தொல்லையே தருவதில்லை. உயிரை எடுப்பவை ஆன்டெனா, கேபிள், கரன்ட், உப்புக்காற்று.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. கப்பல்கள் தங்கள் பெயர், இருக்குமிடம், வேகம், திசை எல்லாவற்றையும் விஹெச்எஃப் ரேடியோவில் தாங்களாகவே அறிவித்துக்கொண்டே போகும். அதுதான் ஏஐஎஸ். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், எல்லாப் பயணிகள் கப்பல்களுக்கும் கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கைப்படி இது கட்டாயம். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டே அலைவரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். இத்தனை கப்பல்களும் ஒன்றின் மேல் ஒன்று கத்தாமல் எப்படிப் பேசுகின்றன என்றால், தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவோமே, அந்த ஏற்பாடுதான். ஒவ்வொரு கப்பலும் பேசும்போதே ‘அடுத்து இந்தத் துண்டு எனக்கு’ என்று சொல்லி இடம் போட்டுவிடும். மற்ற கப்பல்கள் அந்த இடத்தைத் தொடாது. மேஸ்திரி யாரும் தேவையில்லை.

நாம் செய்வது இதை ஒட்டுக்கேட்பது மட்டும்தான். எதையும் அனுப்புவதில்லை.

என்னிடம் இருப்பது மேசை டிராயரில் சும்மா கிடந்த பழைய ராஸ்ப்பெர்ரி பை 3. இந்த வேலைக்கு அதுவே அதிகம், அதைவிடச் சின்ன பை ஜீரோ 2 டபிள்யூ போதும். புது பை 5-ஐ வாங்கி இதற்கு வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் காசில் நல்ல கேபிளும் கம்பமும் வாங்குங்கள் என்பேன். ரேடியோவுக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். டிவி பார்க்க வந்த ஆர்டிஎல்2832யு சிப்பை 2012 வாக்கில் பொதுவான ரேடியோவாக மாற்றலாம் என்று கண்டுபிடித்த பிறகு பிறந்த சாதி அது. வாங்கும்போது டிசிஎக்ஸ்ஓ (சூட்டிலும் அலைவரிசை நழுவாத கடிகாரச் சில்லு) இருக்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். சாதா டாங்கிள் சூடேற ஏற அலைவரிசையிலிருந்து நழுவும், சென்னை மே மாதத்தில் அது சூடேறாமல் இருக்கப் போவதில்லை.

மென்பொருள் ஏஐஎஸ்-கேட்சர். இலவசம், நிறுவுவது ஒரு டீ ஆறும் நேரம். பழைய ஆர்டிஎல்-ஏஐஎஸ்ஸையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதே ஆன்டெனாவில் கேட்சர் கண்ணுக்குத் தெரிகிற அளவு அதிகச் செய்திகளைப் பிடிக்கிறது. மங்கலான சிக்னல்களில்தான் அந்த வித்தியாசம். வரைபடம், தூரக் கணக்கு எல்லாம் அதன் வலைப்பக்கத்திலேயே வந்துவிடுவதால் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடல் வரைபடத்தோடு பார்க்க வேண்டுமென்றால் லேப்டாப்பில் ஓபன்சிபிஎன் என்ற மென்பொருளைப் போட்டு, பையிலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் யூடிபி வழியாக அனுப்பினால் போதும். மென்பொருள் கதை இவ்வளவுதான். இதுவரை அது என்னை ஒருநாளும் படுத்தியதில்லை.

இனி ஆன்டெனா. 162 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 1.85 மீட்டர், கால் அலை 46 சென்டிமீட்டர். நடைமுறையில் கொஞ்சம் குறைத்து 44 வைத்தால் சரியாக இருக்கும். ரிச்சி தெருவில் நாலு ஓட்டை போட்ட பேனல் சாக்கெட் ஒன்று வாங்கி, நடுவில் ஒரு பித்தளைக் கம்பி நிமிர்த்தி, நாலு மூலையிலும் நாலு கம்பியை 45 டிகிரி சாய்த்து இறக்கிவிட்டால் ஆன்டெனா தயார். கடைக்காரர், “சார், இதுக்கு ரெடிமேட் ஆன்டெனாவே இருக்கே, எதுக்கு சிரமம்?” என்றார். அதையும் வாங்கிப் பார்த்தேன். டாங்கிளோடு வரும் குட்டி ஆன்டெனாவைவிட நன்றாகவே இருந்தது, என் பித்தளைக் கம்பியைவிட நன்றாக இல்லை. செங்குத்தாக நிற்க வேண்டும், சுற்றிலும் இரும்பு இருக்கக் கூடாது, உயரம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கம்பியின் விலை முக்கியமே இல்லை.

கேபிளுக்கு டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 போதும். அது 75 ஓம் ஆயிற்றே, 50 ஓம் கேபிள்தானே போட வேண்டும் என்று சட்டம் பேசுபவர்கள் உண்டு. அனுப்புவதற்கு அது சரி, கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தப் பொருத்தமின்மையால் போவது கால் டெசிபல்கூட இல்லை. மெல்லிசான ஆர்ஜி-58 கேபிளில் அதே நீளத்துக்கு இழப்பு இரண்டு மடங்குக்கு மேல். தெருமுனை கேபிள் டிவி அண்ணனிடமே கேட்டு வாங்கி, கனெக்டரையும் அவரையே அமுக்கித் தரச் சொல்லிவிட்டேன். அவர் கை வேலை என் கையைவிடச் சுத்தம்.

எவ்வளவு தூரம் எடுக்கும்? இதற்குக் கணக்கு உண்டு. நம் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலம், கப்பல் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். என் கம்பத்தின் நுனி தரையிலிருந்து சுமார் 16 மீட்டர். கப்பலில் 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாலும் ஐந்தும் ஒன்பது, ஆக 37 கிலோமீட்டர். சாதாரண நாட்களில் கிட்டத்தட்ட இதுதான் கிடைக்கிறது. சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மூன்றுக்கும் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள், எல்லாம் இதற்குள் அடக்கம். வேளச்சேரி, போரூர் பக்கம் இருப்பவர்கள் இதே செட்டை வைத்து இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம். நடுவில் நிற்கும் கட்டடங்கள் விடாது.

ஆனால் மார்ச், ஏப்ரலில் காற்று அசையாத சில விடியற்காலைகளில் இந்தக் கணக்கெல்லாம் தவிடுபொடியாகும். கடலின் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காகப் படிந்தால், ரேடியோ அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு பூமியின் வளைவோடு வளைந்து போகும். அப்படி ஒரு காலையில் கிருஷ்ணப்பட்டினத்தையும் தாண்டி, காக்கிநாடா பக்கக் கப்பல்கள் வரிசையாக வந்து விழுந்தன. 450 கிலோமீட்டருக்கு மேல். வெயில் ஏறிக் கடல்காற்று கிளம்பியதும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆன்டெனாவை மாற்றிய மறுநாள் இப்படி நடந்தால் ‘ஆகா, புது ஆன்டெனா பிரமாதம்’ என்று நம்பிவிடுவோம். குறைந்தது இரண்டு வாரமாவது பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இப்போது உப்பு. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி முதல் ஏசி அவுட்டோர் யூனிட் வரை எல்லாமே துருதான், ஆன்டெனா மட்டும் என்ன விதிவிலக்கா. பித்தளைக் கம்பியில் பச்சை பூப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தோல் மட்டும்தான். சாக்கெட்டுக்கு அடியில் கேபிள் சேரும் இடம்தான் எமன். வாங்கியபோது வெள்ளி போல மினுங்கிய கனெக்டர், ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது வெள்ளை மாவு பூத்து நின்றது. உள்ளே பின்னல் கம்பியை நகத்தால் சுரண்டினால் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. கேபிள் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளுக்குள் தண்ணீரை உறிஞ்சியிருந்தது. இதில் மோசம் என்னவென்றால், ரிசீவர் திடீரென்று நிற்பதில்லை. தூரத்துக் கப்பல்கள் மெல்ல மெல்லக் குறையும். பக்கத்தில் இருப்பவை பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும், நமக்கும் சந்தேகமே வராது. அதனால் அதிகபட்சத் தூரத்தின் வரைபடத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நல்ல நாட்கள் சிலவற்றில்கூட அது ஏறவில்லையென்றால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டியதுதான். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்க சாதா கறுப்பு டேப், கேபிள் கீழே இறங்குமுன் ஒரு வளைவு விட்டுத் தண்ணீர் சொட்ட வழி. இப்படிச் செய்த பிறகு நிம்மதி. எம்-சீல் பூசாதீர்கள். அடுத்த முறை கழற்ற வேண்டியிருந்தால் உளிதான் எடுக்க வேண்டும்.

காக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். சாய்ந்த கம்பிகள் அவற்றுக்கு ஊஞ்சல்.

கரன்ட் விஷயம். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும். பழைய மொபைல் சார்ஜரில் ஓட்டினால் ஓடும், ஆனால் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பை எச்சரிக்கை எழுதி வைத்துக்கொள்ளும், டாங்கிள் காரணமில்லாமல் கழன்று கழன்று சேரும். அதைவிடப் பெரிய தலைவலி மலிவு அடாப்டர்கள் ரேடியோவிலேயே இரைச்சலைக் கொட்டுவது. படிக்கட்டில் மாட்டிய ஒரு எல்இடி பல்பு எரியும் நேரமெல்லாம் என் செய்திகள் பாதியாகக் குறைந்தன. பல்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. டாங்கிளுக்கு முன்னால் சிக்னல் பெருக்கி போடுவதற்கு முன்பு, வீட்டில் உள்ள பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், செலவு மிச்சம். பெருக்கி போட்டே தீர வேண்டுமென்றால் 162-க்கான ஃபில்டர் சேர்ந்ததாகப் போடுங்கள். ஊரில் உள்ள எஃப்எம் ஸ்டேஷன்களையும் சேர்த்துப் பெருக்கி டாங்கிளின் காதைச் செவிடாக்குவதில் லாபமில்லை.

கரன்ட் போய்ப் போய் வந்தால் எஸ்டி கார்டு ஒருநாள் படுத்துவிடும். லாக் கோப்புகளை மெமரியில் வைத்து, கார்டை ஓவர்லே முறையில் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டேன். பையையும் மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தாயிற்று. அதன்பிறகு கார்டு மாற்றவில்லை.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன பார்க்கிறோம்? முதலில் வெறும் ஒன்பது இலக்க எண்தான் வரும். பெயர், போகுமிடம் அடங்கிய செய்தியை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்புவார்கள் என்பதால் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். எண் 419 என்று தொடங்கினால் இந்தியக் கொடி, 636 என்றால் லைபீரியா, 538 என்றால் மார்ஷல் தீவுகள். அந்தமானுக்குப் பயணிகளோடு போகும் கப்பல்கள், பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்ஐஓடி) ஆய்வுக் கப்பல் சாகர் நிதி, எண்ணூருக்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள், கார் ஏற்றிப் போகும் பெட்டி பெட்டியான கப்பல்கள், கப்பல்களை இழுத்துத் தள்ளிக்கொண்டு நாள் முழுக்க ஓடியாடும் டக் படகுகள் எல்லாம் தெரியும். போர்க்கப்பல்கள் பெரும்பாலும் தெரியாது, அவர்கள் நினைத்தால் அணைத்துக்கொள்ளலாம். போகுமிடம், நிலை எல்லாம் மனிதர் கையால் தட்டுவது என்பதால் அதில் கூத்துகள் உண்டு. நாட்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும் கப்பல் ‘இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லும்.

எனக்குப் பிடித்தது நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களின் முகம். நீரோட்டமும் காற்றும் வரும் திசையை நோக்கித்தான் அவை திரும்பி நிற்கும். ஏப்ரலில் தெற்கே பார்த்து நிற்கும் கூட்டம், வாடை இறங்கியதும் நவம்பரில் வடக்கே பார்த்து நிற்கிறது. பருவம் மாறியதை ஒரே திரையில் பார்க்கலாம்.

பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கப் போகும் ஒரு அண்ணன் ஒருநாள் மாடியில் கைபேசித் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, நம்ம போட்டு இதுல தெரியுமா?”

“இல்லண்ணே, அதுக்கு போட்ல ஒரு பெட்டி இருக்கணும்.”

“அப்ப கப்பல்காரனுக்கும் நாங்க தெரிய மாட்டோம்.”

“ராடார்ல தெரியும்ணே.”

“ஃபைபர் போட்டு ராடார்ல எங்க தெரியும்!”

அவர் சொன்னதுதான் உண்மை. ஃபைபர் ராடார் அலையைச் சரியாகத் திருப்பித் தராது. பெரிய விசைப்படகுகள் சிலவற்றில் ஏஐஎஸ் இருக்கிறது, அவர் படகு போன்றவற்றில் இல்லை. வரைபடத்தில் காலியாகத் தெரியும் கடல் காலியான கடல் இல்லை என்பதை அதன்பிறகு மறந்ததில்லை. இருக்கிற பெரிய கப்பல்களே மோதிக்கொள்ளும் கடல் இது. 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிளும் டான் காஞ்சிபுரமும் மோதி, எண்ணெய் எங்கள் கரைவரை வந்து, மக்கள் வாளியில் அள்ளினார்கள். இரண்டு கப்பலிலும் ஏஐஎஸ் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

புயல் நேரத்தில் இந்த ரிசீவரின் அருமை தெரியும். எச்சரிக்கைக் கூண்டு ஏற ஏற, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை வெளிக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள், புள்ளிகள் வரிசையாகக் கிழக்கே நகர்வதைப் பார்க்கலாம். 2012-இல் நீலம் புயலில் பிரதிபா காவேரி பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டியது நினைவிருப்பவர்களுக்கு அந்த நகர்வு வெறும் புள்ளியாகத் தெரியாது. காற்று ஏறுமுன் கம்பத்தின் கட்டுக்கம்பிகளை இழுத்துப் பாருங்கள். ரொம்ப மோசமென்றால் கம்பத்தையே படுக்க வைத்துவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக் கண்ணாடியைவிட ஒருநாள் தரவு பெரிதில்லை.

கடைசியாக, தரவைப் பகிர்வது. ஏஐஎஸ்ஹப் போன்ற இணையதளங்களுக்கு நம் செய்திகளை அனுப்பினால், மற்றவர்கள் அனுப்பியதெல்லாம் பதிலுக்குக் கிடைக்கும். கப்பலில் வேலை செய்யும் மைத்துனர் மலாக்கா நீரிணையைத் தாண்டியது அக்காவுக்குத் தெரிவது அந்த வழியில்தான். என் ஆன்டெனாவில் அவர் கப்பல் ஒருமுறைகூட விழவில்லை, அவர்கள் கம்பெனி சென்னைக்கே வருவதில்லை.