பணியிட ஆன்மீகத்தை அளக்கும் 21 கேள்விகள்: வாங்கிப் பயன்படுத்தலாமா?

மில்லிமனும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட பணியிட ஆன்மீகக் கேள்வித்தாளில் கடவுள் பற்றியோ தியானம் பற்றியோ ஒரு கேள்விகூடக் கிடையாது. வேலையில் காணும் அர்த்தம் (6 கேள்விகள்), சக ஊழியர்களோடு உள்ள ஒட்டுறவு (7), நிறுவன விழுமியங்களோடு ஒத்துப்போதல் (8), அவ்வளவுதான். எந்த மதத்தவரும், மதமே வேண்டாம் என்பவரும் சங்கடமின்றி நிரப்பலாம். இதற்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைப்போம்.

ஊழியர் ஈடுபாட்டோடு சேர்த்து அளக்கும்போதுதான் சிக்கல். ஈடுபாட்டை அளக்கப் பலரும் எடுப்பது உட்ரெக்ட் அளவுகோல் என்ற இன்னொரு கேள்வித்தாள். அதில் ‘காலையில் எழுந்ததும் வேலைக்குப் போகத் தோன்றுகிறது’ என்றொரு வரி உண்டு. மில்லிமன் தாளிலோ ‘வேலைக்கு வருவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்’. ஒன்றையே இரண்டு தடவை கேட்டால் மதிப்பெண்கள் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? உட்ரெக்டின் 17 கேள்வி வடிவம் ‘அர்த்தமும் நோக்கமும் நிறைந்த வேலை’ என்றே கேட்கிறது. 9 கேள்வி வடிவத்தில் அது இல்லை, அதை எடுங்கள். மில்லிமன் தாளின் ஆவல் வரியை நீக்கியும் ஒருமுறை கணக்கிடுங்கள். ஆன்மீக மதிப்பெண்ணுக்கும் ஈடுபாட்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு சட்டென்று சரிந்தால், முதலில் கிடைத்த எண்ணை மேலாளர் கூட்டத்தில் காட்டாதீர்கள்.

பணியிட ஆன்மீகத்தோடு ஊழியரின் புத்தாக்கத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால், ஆய்வாளர் யான்சென் 2000-இல் தந்த 9 கேள்விகள் போதும்: யோசனை பிறப்பது, அதற்கு ஆதரவு திரட்டுவது, செயலாக்குவது. இதை ஊழியரிடம் கொடுக்காமல் நேரடி மேலாளரிடம், சில வாரம் கழித்துக் கொடுங்கள். ஒரே ஆள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் நிரப்பினால் அன்றைய மனநிலையே எல்லா விடையிலும் ஏறிவிடும். ஊழியர் தாளையும் மேலாளர் தாளையும் இணைக்கும் குறியீடு வெளியாள் கையில் இருக்கட்டும். எச்.ஆர். கையில் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் மனதில் பட்டதை எழுதமாட்டார்கள்.

மில்லிமன் தாளின் உயிர் ஒட்டுறவுப் பகுதியில் இருக்கிறது. ‘கருத்தைத் தயங்காமல் சொல்ல முடிகிறது’, ‘குடும்பம்போல உணர்கிறேன்’ ஆகிய இரண்டையும் சராசரியில் கரைக்காமல் தனித்தனியே பாருங்கள். குடும்ப உணர்வு உயர்ந்து, பேச்சுரிமை தாழ்ந்திருக்கும் குழுவில் மனம் நோகுமே என்று குறைகளை விழுங்கிவிடும் வாய்ப்பு அதிகம். புது யோசனையும் அப்படியே அடங்கிப்போகும். இந்தக் குழுவுக்குக் கட்டாயத் தியான வகுப்பு வைப்பது வீண்செலவு. கெட்ட செய்தி கொண்டுவருபவரை மேலாளர் எப்படி நடத்துகிறார் என்பதில் கைவையுங்கள். அர்த்தப் பகுதி தாழ்ந்திருந்தால், தன் வேலையின் பயனாளியை ஊழியர் நேரில் சந்திக்க வழி செய்யுங்கள்.

ஆள் எடுப்பதற்கும் ஊதிய உயர்வுக்கும் இந்தத் தாளைத் தொடவே கூடாது.