‘அச்சு அசல் ஆஷ்பர்ட்டன்’ என்று சொல்லி என் தலையில் கட்டிய லேஅவுட்

இங்கிலாந்தில் குடியிருந்துகொண்டு மாடல் ரயில் பைத்தியம் பிடித்து அலையும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடுவதில் நேரமே கிடைப்பதில்லை, லேஅவுட்டை (பலகையின் மேல் தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் வைத்துச் செய்யும் குட்டி ரயில் பாதை) யாராவது கட்டித்தந்தால் காசைக் கொடுத்துவிடலாம் என்று யோசிப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டு. விவகாரம் இன்னும் முடியாததால் கட்டித்தந்த ஆளின் பெயரைப் போடவில்லை. பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

நான் கேட்டது ஒன்றும் அதிசயமில்லை. டெவனில் இருந்த ஆஷ்பர்ட்டன் ஸ்டேஷன், 1930களில் இருந்த மாதிரி, ஓ.ஓ. (OO) என்ற பிரிட்டிஷ் மாடல் ரயில் அளவில். டாட்னஸில் பிரிந்து பக்ஃபாஸ்ட்லி வழியாக வரும் கிளைப்பாதையின் கடைசி நிலையம் அது. 1872இல் அகலப்பாதையாகத் திறந்து, 1892இல் இன்றைய அளவுக்கு மாற்றினார்கள். 1958இல் பயணிகள் வண்டி நின்றது, 1962இல் சரக்கும் நின்றுபோனது. ஒற்றை நடைமேடை, தண்டவாளத்தின் மேலேயே கவிந்து நிற்கும் மரக்கூரை, சின்னதாக ஒரு சரக்கு யார்டு. குட்டி எஞ்சின் ஒன்று ஒரே ஒரு ஆட்டோ கோச்சை (எஞ்சின் பின்னால் தள்ளும்போதும் ஓட்டுநர் முன்னால் நின்று ஓட்டக்கூடிய பெட்டி) ஒரு பக்கம் இழுத்துக்கொண்டும் மறுபக்கம் தள்ளிக்கொண்டும் போய்வரும். (இந்த எஞ்சின் வகையை எல்லோரும் 14எக்ஸ்எக்ஸ், அதாவது 14இல் தொடங்கும் எண் வரிசை, என்பார்கள். 1946 வரை அதன் எண்கள் 48இல்தான் தொடங்கின. 1930கள் என்று சொல்லிவிட்டு 14இல் தொடங்கும் எண்ணை ஓட்டினால் கண்காட்சியில் எவராவது பெரியவர் வந்து காதில் சொல்லிவிட்டுப் போவார்.) இடம் கொஞ்சம், ஓட்ட வேலை நிறைய என்பதால் மாடல்காரர்கள் இந்த ஸ்டேஷனையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

எழுத்தில் எனக்கு வந்த வாக்குறுதி: “அச்சு அசல் ஆஷ்பர்ட்டன், பிரிட்டிஷ் புல்ஹெட் தண்டவாளம், டி.சி.சி.யில் ஓட்டத் தயார்.” (புல்ஹெட் என்பது பிரிட்டனில் அந்தக் காலத்தில் போட்ட தண்டவாள வகை. டி.சி.சி. என்பது டிஜிட்டல் முறையில் எஞ்சின்களை ஓட்டும் ஏற்பாடு.) பாதிப் பணம் முன்னால், மீதி அனுப்புவதற்கு முன். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, பேங்க் டிரான்ஸ்ஃபர் போட்டால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். இடையில் படங்கள் வந்தன, எல்லாம் அழகோ அழகு. வண்டி ஓடும் வீடியோ கேட்டபோதுதான் இழுத்தடிப்பு ஆரம்பித்தது. கடைசியில் வந்த துண்டு வீடியோவில் எஞ்சின் நேர்ப்பாதையில் வருகிறது, பாயின்ட்டை (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) தொடுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

சரக்கு வந்து இறங்கியது. நியாயமாகச் சொல்லவேண்டும்: புல், வேலி, கல்சுவர் எல்லாம் கைதேர்ந்த வேலை. அந்த மனிதருக்குச் செடிகொடி வைக்க வரும். ரயில் போடத்தான் வராது.

எஞ்சினை வைத்து மெதுவாக ஓட்டினேன். முதல் பாயின்ட்டின் நடுவில் செத்த மாதிரி நின்றது. விரலால் தள்ளினால் ஓடுகிறது, அடுத்த பாயின்ட்டில் திரும்பவும் நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பாயின்ட்டில் இரண்டு தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் முனையை ஃபிராக் என்கிறோம். இவர் போட்டிருந்தது உலோக ஃபிராக். பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப அந்த முனைக்குப் போகும் மின்சாரம் மாறவேண்டும். அதற்கு ஒரு ஸ்விட்ச் வேண்டும், ஃபிராக்குக்குப் பின்னால் இரண்டு தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் இணைப்பு வேண்டும். அவர் உலோக இணைப்பையே மாட்டியிருக்கிறார். அப்படி மாட்டினால் பாயின்ட்டைத் திருப்பியதும் ஷார்ட் ஆகும், டி.சி.சி. மொத்த லேஅவுட்டையும் அணைத்துவிடும். ஷார்ட்டை மறைக்க என்ன செய்திருக்கிறார் தெரியுமா? தண்டவாளத்தைக் கட்டிங் டிஸ்க்கால் கோணலாக அறுத்து, இடைவெளியில் சூப்பர் க்ளூவை ஊற்றி, மேலே துருநிறப் பெயின்ட் அடித்திருக்கிறார். ஃபிராக்குக்கு ஒயரே இல்லை. நாலு பெரிய சக்கரத்தை நம்பி ஓடும் குட்டி எஞ்சின் அங்கே நிற்காமல் என்ன செய்யும்?

போர்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கீழிருந்து தனி ஒயர் வரவேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இங்கே ஒரு போர்டுக்கு ஒரே ஜோடி ஒயர், அதையும் சால்டர் வைக்காமல் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார். மற்றதெல்லாம் இணைப்புத் தகடுகளின் தயவு. பெயின்ட்டும் ஜல்லிப் பசையும் உள்ளே இறங்கிய தகடு எத்தனை நாள் மின்சாரம் கடத்தும்? போர்டும் ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட் இல்லை, குறுக்குச் சட்டமே இல்லாத எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை). கராஜ் ஈரத்தில் அது நடுவில் தொய்ந்துவிட்டது. யார்டில் நிறுத்திய வேகன் தானாகவே உருண்டு நடைமேடைப் பாதைக்கு வந்து நின்றது.

அந்த வேகனைத் தடுக்க நிஜ ரயில்வேயில் ஒரு ஏற்பாடு உண்டு. பயணிகள் பாதையோடு சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கப்பாதை) சேரும் இடத்தில் டிராப் பாயின்ட் (trap, அதாவது பொறி) வைத்திருப்பார்கள், தப்பி வரும் வேகன் தரையில் இறங்கிவிடும். 1889இல் அயர்லாந்தின் அர்மா அருகே மேட்டில் பிரித்து விட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதி 80 பேர் செத்தார்கள். அந்த வருடமே சட்டம் வந்தது, பயணிகள் பாதைகளில் பாயின்ட்டையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பூட்டுவது கட்டாயமானது. பிரிட்டிஷ் ஸ்டேஷன் வரைபடம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பின்னால் இந்த மாதிரி சாவுகள்தான் இருக்கின்றன. என் ‘அச்சு அசல்’ லேஅவுட்டில் ஒரு டிராப் பாயின்ட்கூட இல்லை.

கைகாட்டி இன்னும் மோசம். ஆஷ்பர்ட்டன் பாதையை நடத்திய கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி கடைசிவரை கை கீழே இறங்கினால் ‘போ’ என்ற முறையைத்தான் வைத்திருந்தது. மற்ற கம்பெனிகள் 1920களிலிருந்து மேலே தூக்கும் கைக்கு மாறின. இவர் வைத்திருப்பது மேலே தூக்கும் கை. தண்டவாளமும் புல்ஹெட் இல்லை. பிரிட்டனில் அன்றைக்கு இருந்த ஸ்லீப்பர் எட்டரை அடி நீளம், ஓ.ஓ.வில் ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர், அப்படியானால் 34 மில்லிமீட்டர் வரவேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இல்லை. ஐரோப்பிய எச்.ஓ. அளவுக்குச் செய்த, ஸ்லீப்பர் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும் மலிவுத் தண்டவாளம். ஓ.ஓ.வில் தண்டவாள இடைவெளியே 16.5 மில்லிமீட்டர்தான், அளவுப்படி 18.83 வந்திருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்து சகித்துக்கொள்ளும் குறை. அந்தக் குறையை நான் பேசவில்லை. புல்ஹெட்டுக்குக் காசு வாங்கிவிட்டு வேறொன்றைப் போட்டதைப் பேசுகிறேன்.

ஓட்டிப் பார்க்கலாம் என்றாலும் முடியாது. ஆட்டோ கோச் அல்லாத வண்டி வந்ததும் எஞ்சினைக் கழற்றி, லூப் (பிரிந்து போய் மறுபடி சேரும் பக்கப்பாதை) வழியாகச் சுற்றி மறுமுனையில் மாட்டுவதுதான் கடைசி ஸ்டேஷனின் ஜீவனே. லூப்புக்கு அப்பால் எஞ்சின் நிற்கும் துண்டுப்பாதை என்னிடம் உள்ள 45எக்ஸ்எக்ஸ் என்ற சற்றுப் பெரிய எஞ்சினைவிடக் குட்டை. பயணிகள் வண்டிக்கான மூன்று-ஒன்று என்ற மணிக்குறியை அடித்து வண்டியை வரவேற்று, பிறகு எஞ்சினைக் கையால் தூக்கி வைக்கவா இவ்வளவு செலவு?

ஆளிடம் கேட்டேன். முதலில் சக்கரம் அழுக்கு என்றார். பிறகு என் கன்ட்ரோலர் சரியில்லை என்றார். கைகாட்டியைப் பற்றிக் கேட்டதற்கு “யாரும் கவனிக்கமாட்டார்கள்” என்று பதில் வந்தது. கடைசியில், ஆர்டர் கொடுத்துச் செய்த பொருளுக்குப் பணம் திருப்பித் தரமுடியாது, சட்டமே அப்படித்தான் என்று கையை விரித்துவிட்டார்.

இங்கேதான் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். அவர் சொன்னது பாதி உண்மை. மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை, தனியாகச் செய்யச் சொன்ன பொருளுக்குக் கிடையாதுதான். ஆனால் குறையுள்ள வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும், பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகவேண்டும். ‘புல்ஹெட்’ என்று எழுதிய அந்த மெயில்தான் இப்போது என் கையில் இருக்கும் ஆயுதம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. பேங்க் டிரான்ஸ்ஃபருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால், வேலை செய்யும்போது கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

யாரிடமாவது கட்டத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், தண்டவாள வகை, பாயின்ட் வகை, குறைந்தபட்ச வளைவு, லூப்பில் எத்தனை வேகன் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் மெயிலில் எழுதி வாங்குங்கள். ஜல்லி ஒட்டுவதற்கு முன், உங்களிடம் உள்ள ஆகச் சின்ன எஞ்சினை எடுத்துக்கொண்டு நேரில் போய் எல்லாப் பாயின்ட்டிலும் ஊர்ந்து போகிற வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். போர்டின் அடிப்பக்கப் படம் தரத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஒழுங்காகக் கட்டுபவர்கள் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பெருமையாகக் காட்டுவார்கள்.

வழக்குப் போடுமுன் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்தைப் படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த வாரமே ஒரு பகுதிப் பணம் சத்தமில்லாமல் கணக்குக்கு வந்தது. மீதிக்குச் சிறு வழக்கு மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை வக்கீல் இல்லாமலே போடலாம். சாட்சிக்கு வேண்டும் என்பதால் அறுத்த பாயின்ட் இரண்டையும் பிடுங்கிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். தீர்ப்பு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.