எதிர்னே பள்ளிவாசல் சுற்றுலா: பார்க்க வேண்டியதுதான், ஆனால் நேரப் பங்கீடு சரியில்லை

துருக்கியில் இஸ்தான்புல்லிலிருந்து எதிர்னே நகருக்குக் காலையில் அழைத்துச் சென்று இரவில் கொண்டுவந்து விடும் இந்த ஒருநாள் சுற்றுலாவை, பள்ளிவாசல் கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உதுமானியக் கட்டடக்கலைஞர்கள் தூண்களை ஓரங்கட்டித் தொழுகைக்கூடத்தை ஒரே வெளியாக்கிய வரலாற்றை, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று பள்ளிவாசல்களில் நடந்தே பார்த்துவிடலாம்.

முதல் பள்ளிவாசலான, 1414இல் கட்டி முடிக்கப்பட்ட எஸ்கி ஜாமியில் நான்கு பருத்த தூண்கள் ஒன்பது குவிமாடங்களைத் தாங்குகின்றன. சுவரில் ஆளுயரத்துக்கு எழுதிய அரபு எழுத்துகள் அழகுதான். ஆனால் தொழுகை வரிசையைத் தூண்கள் வெட்டுவதையும், கூடம் ஒன்பது அறைகளாகப் பிரிந்து நிற்பதையும் வழிகாட்டி நம்மையே வரிசையில் நிறுத்திப் புரியவைத்தார். காதில் மாட்டிக்கொள்ளத் தந்த கருவியும் தெளிவாகக் கேட்டது.

குறை அடுத்த இடத்தில் தொடங்குகிறது. 1447இல் முடிந்த ஊச் ஷெரெஃபெலி பள்ளிவாசல்தான் இந்த வரலாற்றின் திருப்பம். ஏறத்தாழ 24 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை ஆறு தாங்கிகள் ஏந்துகின்றன. அவற்றில் நான்கு சுவரோடு ஒன்றிவிட, இரண்டு மட்டும் கூடத்துக்குள் தனித்து நிற்கின்றன. அந்த இரண்டின் பின்னால் நின்று பார்த்தால்தான், நடுவெளி விரிந்த பிறகும் பக்கவாட்டுப் பகுதிகள் ஒட்டாமல் போனது விளங்கும். அதற்கு நேரமே தராமல், ஈரல் வறுவல் சாப்பாட்டுக்கும் கடைவீதிக்கும் பிற்பகலில் பாதியைக் கொடுத்துவிட்டார்கள். ஈரல் வறுவல் ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உதுமானிய சுல்தான் இரண்டாம் செலீமுக்காகக் கட்டடக்கலைஞர் சினான் கட்டி 1575இல் திறக்கப்பட்ட செலிமியே பள்ளிவாசலில், எட்டுத் தூண்களும் சுவரோரமாக ஒதுங்கிவிட, 31 மீட்டருக்கும் சற்று அகன்ற ஒற்றைக் குவிமாடம் கூடத்தை ஆள்கிறது. தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் இருக்கும் பகுதி பின்னால் தள்ளி அமைக்கப்பட்டு, மூன்று பக்கச் சன்னல்களிலிருந்தும் ஒளி பெறுகிறது. ஆனால் குவிமாடத்தின் நேர்கீழே தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்கான மேடை இருக்கிறது; இவ்வளவு பாடுபட்டுத் திறந்த நடுவெளியில் சினான் ஏன் அதை வைத்தார் என்பதே அங்கு எழும் முதல் கேள்வி. வழிகாட்டியோ அம்மேடைத் தூணில் செதுக்கிய தலைகீழ் துலிப் பூவின் கதையோடு நிறுத்திக்கொண்டார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள். கடைவீதி வேண்டாம், அந்த நேரத்தை ஊச் ஷெரெஃபெலிக்குத் தாருங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.