விட்டு விட்டு இரையும் கிற்றார்: கேற்றா, செப்பு நாடாவா, புது பிக்கப்பா?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி. இரவு ஏழு மணிக்குப் பிறகு கிற்றாரை அம்ப்பில் செருகினால் இரையும். காலையில் அதே வயர், அதே அம்ப், மூச்சு விடாது. கேட்ட ஆட்கள் எல்லாம் மூன்று மருந்தைத்தான் மாறி மாறிச் சொன்னார்கள்: நொய்ஸ் கேற் பெடல் (கிற்றாருக்கும் அம்ப்புக்கும் நடுவே செருகும் சிறு பெட்டி), கிற்றாருக்கு உள்ளே ஒட்டும் செப்பு நாடா, ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப்). நான் யோசிக்காமல் முதலாவதை வாங்கினேன்.

கேற் என்பது வெறும் கதவு. சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் மூடும், மேலே வந்தால் திறக்கும். வாசிக்கும்போது கதவு திறந்துதான் இருக்கும், இரைச்சலும் கூடவே வரும். கதவைக் கொஞ்சம் இறுக்கினால் நீட்டி விட்ட சுரத்தின் வால் அறுந்து போகும். மெல்ல வாசிக்கிறவனுக்கு இது பெரிய இம்சை. சத்தத்தைக் கரகரக்க வைக்கும் டிஸ்டோர்ஷனை முழுக்கத் திருகி மெற்றல் ரொக் வாசிக்கிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு அடிக்கு நடுவே மௌனம் வேண்டும், அதை கேற் தரும்.

செப்பு நாடா மலிவு. புறக்கோட்டையில் ஒரு சுருள் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தால் போதும். ஆனால் அதை எர்த்தோடு தொடுத்து ஈயம் வைக்காவிட்டால் அது வெறும் அலங்காரம். சரியாகச் செய்தாலும் மின்புலத்தால் வரும் 'ஸ்ர்ர்' மட்டும்தான் அடங்கும். காந்தப்புலத்தால் வரும் 'ம்ம்ம்' அந்த மெல்லிய செப்பை மதிக்கவே மதிக்காது. இந்த இரண்டில் உங்கள் இரைச்சல் எது என்று பார்க்க, கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். திசைக்குத் திசை கூடிக் குறைந்தால் பெரும்பாலும் காந்தம்தான். வெளிநாட்டு வீடியோக்களில் இந்த ஓசையை, அங்குள்ள கரண்டை வைத்து, 60 ஹேர்ட்ஸ் என்பார்கள். நமக்கு கரண்ட் 50.

அந்த 'ம்ம்ம்' ஓசைக்கு உண்மையான மருந்து ஹம்பக்கர். இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசை, காந்தமும் எதிர்: வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிப்சனில் இருந்த செத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். ஆனால் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று கொண்ட ஸ்ட்ராற் கிற்றாரை அதன் கணீர் சத்தத்துக்காக வாங்கியவனுக்கு இது பாதி நட்டம். காசு கொடுக்க முதல் ஒன்று பாருங்கள். ஸ்ட்ராற்றில் பிக்கப்பைத் தெரியும் ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் இடங்களில் (இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும்), நடுப் பிக்கப் எதிராகச் சுற்றியதாக இருந்தால், இதே வேலை இலவசமாக நடக்கும். அது அப்படிச் சுற்றியதாக இருந்தும் இரைச்சல் குறையவில்லையா? புதுப் பிக்கப்பும் உங்களைக் காப்பாற்றாது.

இந்த மூன்றும் எப்போதும் இருக்கிற இரைச்சலுக்குத்தான். விட்டு விட்டு வருவதற்கு 'எப்போது வருகிறது' என்று கேட்க வேண்டும். அசைத்தால் வந்தால் வயர் அல்லது அதைச் செருகும் ஜக். கடல் காற்றில் ஜக்கின் உள்முனை கறுத்துப் போகும், கொன்ராக்ட் கிளீனர் அடித்தால் சரி. பெடலைப் பற்றரியில் போட்டதும் அடங்கினால் அதற்குக் கரண்ட் தரும் அடப்ரர்தான் குற்றவாளி. நேரம் பார்த்து வந்தால் வீட்டைத் துழாவுங்கள். (ரயிலைக் குற்றம் சொல்லப் பார்த்தேன். கரையோரப் பாதையில் ஓடுவது டீசல்.)

ஒரு இரவு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வந்தேன். பிரிட்ஜ் இல்லை, லைற் இல்லை. ஃபேனை நிறுத்தியதும் நிசப்தம். முழு வேகத்தில் விட்டால் இரைச்சல் மிகக் குறைவு, பாதியில் விட்டால் சந்தை. திருகுகிற எலெக்ரோனிக் ரெகுலேற்றர் கரண்டை வெட்டி வெட்டி விடும். காலையில் கடல் காற்று வருவதால் நான் ஃபேன் போடுவதே இல்லை.

படி படியாகத் திருகும் பழைய மாதிரி ரெகுலேற்றருக்கு மாற்றினேன்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். நம் வீடுகளில் 5 அம்பியர் உருண்டைப் பின் துளையில், எர்த் இல்லாத இடைப் பிளக்கைச் செருகி அம்ப்பை ஓட்டுகிறோம். இரைச்சல் போகும் என்று வேண்டுமென்றே எர்த்தைக் கழற்றுகிறவர்களும் உண்டு. கிற்றாரின் கம்பிகள் வயர் வழியாக அம்ப்பின் உடலோடு தொடுத்தவை. உள்ளே ஒரு வயர் கழன்றால் அந்தக் கரண்டுக்கு வழி உங்கள் கைதான். கம்பியைத் தொட்டால் விறுவிறு என்று இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கேற் பெடலை மச்சான் ஒருவன் கேட்டான். மெற்றல் வாசிக்கிறவன். கொடுத்துவிட்டேன், அவன் கையில் அது அருமையாக வேலை செய்கிறது.