எடை சரி, திரை சரியில்லை: பாவித்த லப்டொப் ஒன்றோடு வன்னியில்

என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அக்கா, உங்கட லப்டொப் மாதிரியே ஒண்டு வவுனியாவில விலை இறங்கி வந்திருக்காம். எடுக்கட்டோ?" அவளுக்கு வட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுபோனது. வெளிக்கள வேலைக்குப் போகிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 12.5 அங்குலத் திரை, எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி றாம். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டதை இறக்கி விற்பார்களே, அந்த வகை. புதிது ஒன்றின் விலையில் பாதிகூட வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் பஸ்ஸில் நின்றபடியே போகிறவளுக்கு ஒரு கிலோ கூடினாலும் பின்னேரம் தோள்மூட்டு சொல்லும். முன்பு வைத்திருந்த 15.6 அங்குலக் கணினி சார்ஜரோடு மூன்று கிலோவுக்குக் கிட்ட இருந்தது. இது 1.2 கிலோ அளவுதான். கீபோர்டும் அருமை, பாமினி எழுத்துருவில் தமிழ் அடித்துப் பழகிய விரலுக்கு வேகம் குறையவே இல்லை.

அதைவிடப் பெரிய நன்மை, யூ.எஸ்.பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுவது. 65 வாட் சார்ஜர் ஒன்று போனுக்கும் லப்டொப்புக்கும் போதும். ஆனால் எல்லாப் போன் சார்ஜரும் சரிவராது. பி.டி. (பவர் டெலிவரி) என்ற வேகச் சார்ஜ் முறையில் 20 வோல்ட் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பவர்பாங்குக்கும் அதே விதிதான். 20,000 எம்.ஏ.எச் பவர்பாங்க் என்றால் கணக்குக்கு 74 வாட்-அவர் (அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). இடையில் வீணாவது போக, என்னுடைய 48 வாட்-அவர் பற்றரியை ஒருதரம் நிரப்பும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனபோதும், அடுத்த இரண்டு நாட்கள் ஒன்றரை மணி நேரம் வெட்டியபோதும் என் மாத அறிக்கை நிற்கவில்லை.

இவ்வளவும் உண்மை. இனித் திரைக்கு வருகிறேன்.

என் வேலை கணக்கு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் சேமிப்பு, சுழற்சிக் கடன், யார் எவ்வளவு கட்டினார், இன்னும் எவ்வளவு நிலுவை என்பதெல்லாம். கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும், இல்லாவிட்டால் வேப்பமரத்தடியில். லப்டொப் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கும், அம்மாமார் பாயில் இருப்பார்கள். எனக்கு நேரே எல்லாம் துப்புரவாகத் தெரியும். பாயில் இருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்குத் திரை இருண்டு, நிறம் தலைகீழாக மாறிக் கிடக்கும். பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் வெளிறிப்போகும். இது டி.என் என்ற மலிவு வகைத் திரை, அதன் இயல்பே அதுதான். அதோடு வெளிச்சமும் 250 நிட்ஸ்தான் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு அது). அறைக்குள் போதும், மரநிழலுக்குப் போதாது.

"பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீங்களே வாசியுங்கோ" என்பார் ஒரு அம்மா. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் பொறுக்க முடியாமல் வரும். நுண்கடன் என்று வந்தவர்கள் தங்கள் புத்தகத்தில் எழுதி, தாங்களே வாசித்து, கிழமைக்குக் கிழமை வாசலில் நின்று வாங்கிய தொகைகளால் நொந்த பெண்கள் இவர்கள். தன் பெயருக்கு நேரே இருக்கிற தொகையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் உரிமை. நான் வாசித்து அவர்கள் நம்புவதற்காக இந்த வேலைக்கு நான் வரவில்லை. இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு அச்செடுத்துக்கொண்டு போகிறேன். அங்கேயே ஒரு திருத்தம் வந்தால் அந்தத் தாளும் பிழையாகிவிடும்.

விற்கிறவர்கள் தலைமுறையைச் சொல்கிறார்கள், றாமைச் சொல்கிறார்கள், எடையைக்கூடச் சொல்கிறார்கள். திரை எந்த வகை என்று ஒருவரும் எழுதுவதில்லை. கடையில் டியூப் வெளிச்சத்தில் நேரே நின்று பார்த்தால் அது தெரியவும் தெரியாது.

போன மாதம் விசிறிக்குள் கிரவல் புழுதி அடைத்துச் சூடேறியதால் திருத்தக் கொடுத்தேன். கழற்றிய தம்பி திரையின் பின்பக்கத்தையும் பார்த்துச் சொன்னார்: இணைப்பு 30 முள், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற ஐ.பி.எஸ் வகைத் திரை வாங்கிப் பூட்டலாம். தொடுதிரை என்றால் 40 முள், அதற்கு வயரும் மாற்ற வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லிவிட்டேன். நல்ல கணினிதான், விட மனம் வரவில்லை.

ஆனால் தங்கச்சி, நீ அதை எடுக்காதை. விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் வேண்டாம். வேறு பார். ஏழாம் தலைமுறைக் கணினிகளும் இப்போது மலிவாக வருகின்றன. அதிலும் கை வைக்காதை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். இந்த அளவுக் கணினிகள் சிலவற்றில் றாம் பலகையோடு ஒட்டியே வரும், அவற்றில் பிறகு கூட்ட முடியாது. ஆகவே 8 ஜிபிக்குக் குறைய எடுக்காதை.

திரையமைப்பில் போய்ப் பார். திரையின் புள்ளி எண்ணிக்கை 1366×768 என்று இருந்தால் பெரும்பாலும் டி.என்தான். 1920×1080 என்றாலும் அதை மட்டும் நம்பாமல், எங்கள் கணக்குத் தாள் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, கடைக்கு வெளியே கொண்டுவா. ஒரு கதிரையில் வைத்துவிட்டு நீ நிலத்தில் குந்தியிருந்து பார். கூட வந்தவரைப் பக்கத்தில் நின்று ஒரு வரியை வாசிக்கச் சொல். வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையில் எடுக்காதை.