மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயா, வேப்பங்கொட்டைச் சாறா, இஞ்சி பூண்டு கரைசலா?

பப்பாளியிலோ மரவள்ளியிலோ மாவுப்பூச்சி ஏறிவிட்டால், கைவசம் இருப்பதைக் கரைத்து அடித்துப் பார்ப்பதுதான் வழக்கம். அடித்த மறுநாளும் வெள்ளைப் பஞ்சு அப்படியே இருக்கும். மருந்தில் குறை இருக்காது. அது பூச்சியைத் தொட்டே இருக்காது. உடம்பை மூடிய மெழுகு மாவில் வெறும் தண்ணீர்க் கரைசல் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். அந்த மெழுகைத் தாண்டுவது எது என்று பார்த்தால் என் ஓட்டு வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலுக்குத்தான்.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல் முக்கியமாக விரட்டும் வேலை செய்வது. மாவுப்பூச்சியோ ஓரிடத்தில் வாயைச் செருகி உட்கார்ந்துவிட்டால் எளிதில் நகராது. முற்றிய தாக்குதலில் இதை மட்டும் நம்ப முடியாது.

5 சத வேப்பங்கொட்டைச் சாறு நல்ல மருந்து. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 10 கிலோ பருப்பு வேண்டும். இடித்து, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீரும் சோப்பும் சேர்க்க வேண்டும். நிழலில் உலர்த்தி 3 மாதம் கடந்த, 10 மாதத்துக்கு மேற்படாத கொட்டையாக இருக்கட்டும். பூசணம் பிடித்துக் கறுத்த பருப்பில் வீரியம் இருக்காது. இளங்குஞ்சுகள் மீது இது நன்றாக வேலை செய்யும். மெழுகு ஏறிய தாய்ப்பூச்சியிடம் எண்ணெய் அளவுக்கு எடுபடாது.

வேப்பெண்ணெய்க்கு அளவு 2 சதம்: 10 லிட்டர் டேங்குக்கு 200 மில்லி, ஏக்கருக்கு 4 லிட்டர். வெற்றியும் தோல்வியும் கலக்குகிற விதத்தில்தான். எண்ணெயை நேராக டேங்கில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதல் செடிகளுக்கு வெறும் தண்ணீர் போகும். கடைசிச் செடிகள் தனி எண்ணெய் வாங்கி இலை கருகும். 50 கிராம் காதி சோப்பைச் சீவி அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகுதான் மீதித் தண்ணீர். ஒரு டம்ளரில் எடுத்து ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் இன்னும் சோப்பு வேண்டும்.

உப்புத் தண்ணீர் போர்வெல்லில் இதுவும் கெடும். தண்ணீரின் சுண்ணாம்பு சோப்பைத் திரித்துவிடும், நாசிலும் அடைக்கும். அங்கே காதி சோப்பை விட்டுவிட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறுவதே மேல். விதை நீக்கிய 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, கொதிக்கவிட்டுப் பிசைந்து வடித்தால் வரும் நுரைச்சாறு உப்புத் தண்ணீரிலும் திரியாது. எண்ணெய் எவ்வளவு நன்றாகக் கலக்கும் என்பது கொட்டைக்குக் கொட்டை மாறும். டம்ளர் சோதனையை இதற்கும் செய்யுங்கள்.

கலக்கியதை அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும், வேம்பின் வீரியமும் வெயிலில் சிதையும். பப்பாளி இலை மென்மையானது. முதலில் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். கந்தகம் அடித்த தோட்டத்தில் சில வாரம் எண்ணெய் வேண்டாம். மல்பெரியில் அடித்தால் அந்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போடவே கூடாது.

ஒரே தெளிப்போடு நிறுத்துவது பெரிய தவறு. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டை தப்பிப் பிழைக்கும்; பொரித்து வரும் குஞ்சுக்கு மெழுகு ஏறுமுன் பிடிக்க, 7 முதல் 10 நாளில் மறுபடி அடிக்க வேண்டும். இலை அடியும் குருத்தும் நனைய வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக அதைக் காக்கும் எறும்பையும் தடுக்க வேண்டும்.

அடிக்குமுன் கிளையை உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு வேகமாக ஊர்ந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழு. 2008ல் கோவைப் பக்கம் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோஃபேகஸ் ஒட்டுண்ணிக் குளவி. எண்ணெய் நேரே பட்டால் இவையும் சாகும். அதனால் தோட்டம் முழுக்க அடிக்காமல், பூச்சி ஏறிய செடிகளையும் அவற்றை ஒட்டிய வரிசையையும் மட்டும் நனையுங்கள்.