முட்டி மாற்று அறுவைக்குப் பின் வலி: முதுகுக் குழாயா, தொடை ஊசியா?

முட்டி மாற்ற நாள் குறித்ததும் எல்லோரும் கேட்பது, முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பதா என்றுதான். இதயம், நுரையீரல், முதுகெலும்பு பார்த்து மயக்க மருத்துவரே அதை முடிவு செய்துவிடுவார். மரப்பு விட்டபிறகு வரும் வலிக்கு என்ன ஏற்பாடு என்பதைத்தான் நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேரள எல்லையில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்கள் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள், பாலக்காடு, திருச்சூருக்கும் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வழக்கம் வேறு. பெரியம்மாவுக்கு எபிடியூரல் எனும், வலி மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் முதுகுக் குழாய் வைத்தார்கள். அம்மாவுக்கு நாங்கள் நரம்பை மரக்க வைக்கும் தொடை ஊசியைக் கேட்டு வாங்கினோம். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

வலியை நிறுத்துவதில் எபிடியூரலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்வரை இரண்டு கால்களும் கனத்துக் கிடக்கலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் அடைத்துக்கொண்டு அதற்கொரு குழாய் தேவைப்படலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிக்கும் முதுகுக் குழாயை எடுப்பதற்கும் நடுவே மணிக்கணக்குப் பார்த்து இடைவெளி விட வேண்டும். "வலியே தெரியலடா, ஆனா இது என் காலுதானான்னு இருக்கு" என்றார் பெரியம்மா.

தொடை ஊசியிலும் இரண்டு வகை உண்டு. எது என்று கேட்காமல் விடக்கூடாது. கவட்டைக்கு அருகில் போடுவது ஃபெமோரல் பிளாக். தொடையின் நடுப்பகுதியில், உள்பக்கமாக, ஸ்கேன் பார்த்துப் போடுவது அடக்டர் கெனால் பிளாக். என் முடிவைத் தீர்மானித்தது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். முட்டியை நீட்டி நம்மை நிற்க வைப்பது தொடையின் முன்பக்கத் தசை. கவட்டை ஊசி, வலி நரம்போடு சேர்த்து அந்தத் தசைக்குப் போகும் நரம்பையும் மரக்கச் செய்துவிடும். 2013-இல் டென்மார்க்கில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இரண்டையும் போட்டு அளந்தார்கள். கவட்டை ஊசியில் அந்தத் தசையின் பலம் 49 சதவீதம் குறைந்தது; நடுத்தொடை ஊசியில் 8 சதவீதம். அது சின்ன ஆய்வுதான், அவர்கள் நோயாளிகளும் இல்லை. ஆனால் பிறகு முட்டி மாற்றியவர்களிடம் செய்த ஆய்வுகளிலும் வலி குறைவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. தசை பலத்தில் நடுத்தொடை ஊசியே முந்தியது.

எழுந்து நிற்பது ஏன் அவ்வளவு முக்கியம்? சீக்கிரம் நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும், முட்டி இறுகாது. அதோடு, நம் அம்மாக்கள் கட்டிலிலேயே பெட்பேன் வைத்துக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார்கள். யாரையும் கூப்பிடாமல் பாத்ரூமுக்கு எழுவார்கள். கால் மடங்கி விழுந்தால் புது முட்டியே பாழ். அம்மா மறுநாள் காலையிலேயே பிசியோ பிடித்துக்கொள்ள வாக்கரோடு நின்றார்.

நடுத்தொடை ஊசி மட்டும் போதாது. முட்டியின் பின்பக்க வலியை அது சரியாகப் பிடிக்காது. அதனால் சர்ஜனும் மூட்டைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்துகிறார். ஐரோப்பிய நிபுணர் குழுவான ப்ராஸ்பெக்ட் 2022-இல் சொன்னதும் இதுதான்: பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரை, ஒருமுறை டெக்ஸாமெதசோன் எனும் ஸ்டீராய்டு, இவற்றோடு நடுத்தொடை ஊசியும் மூட்டைச் சுற்றிய மருந்தும். எபிடியூரலையும் கவட்டை ஊசியையும் பக்கவிளைவுகள் காரணமாகப் பரிந்துரைக்கவில்லை. டெக்ஸாமெதசோன் சர்க்கரையை ஏற்றும், அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. சர்க்கரையோ சிறுநீரகத் தொந்தரவோ இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஊசியின் மரப்பு விடும் நேரத்தில் வலி திடீரென்று ஏறுகிறது. அம்மாவுக்கு அது நடு இரவில் வந்தது. "வேதனை உண்டோ அம்மே?" என்று நர்ஸ் கேட்டபோது அம்மாவால் பதில் சொல்லவே முடியவில்லை. வலி வரட்டும் என்று காத்திராமல் முன்னாலேயே மாத்திரை போட்டுவிட வேண்டும். நான் கூட இருந்து பார்த்தது ஒற்றை முட்டி மாற்றத்தைத்தான். இரண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றுவதாக இருந்தால் மயக்க மருத்துவர் வேறு காரணம் காட்டி எபிடியூரல் சொல்லலாம். அங்கே என் பேச்சைவிட அவர் பேச்சுக்கே எடை.

அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது, ஊசி கவட்டையிலா நடுத்தொடையிலா, மரப்பு எத்தனை மணிக்கு விடும், அதற்கு எவ்வளவு நேரம் முன்பு எந்த மாத்திரை என்று கேட்டு, இரவு கூட இருப்பவர் கையில் எழுதிக் கொடுங்கள்.